துணிக்கொடியில் ஏழு வீட்டுச் சாமான்

ஷிப்டு வீட்டில் வளர்ந்தவர்களைக் கதவு சாத்தும் விதத்திலேயே நான் கண்டுபிடித்துவிடுவேன். நம் வயதுக்காரர்கள் கூடும் இடங்களில் நீங்களும் கவனித்துப் பாருங்கள். தாழ்ப்பாளை விரலால் தாங்கிக்கொண்டு, பலகை நிலையில் படும் முன் ஒரு கணம் நிறுத்தி, அப்புறம்தான் சாத்துவார்கள். டம்ளரைக் கீழே வைக்கும்போது சுண்டுவிரல் முதலில் தரையைத் தொடும். நானும் அப்படித்தான். ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும், பகலில் பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்ற நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

ஓசூரில் தொழிற்பேட்டை வந்த புதிதில் நாங்கள் குடியிருந்தது ஒரு லைன் வீடு. பாகலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் கொள்ளுக்காட்டில் ஒரு பகுதியைச் சமன்படுத்திக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். ஒரே சிமெண்டு ஓட்டுக் கூரையின் கீழ் ஏழு வீடுகள், முன்னால் நீளமாக ஒரு வாசல், நடுவில் தண்ணீர்த் தொட்டி. ஏழு வீட்டு ஆண்களுக்கும் ஒரே கம்பெனியில் மூன்று ஷிப்டில் வேலை. ஆகவே எந்த நேரத்திலும் இரண்டு மூன்று பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். வாசலில் காயும் காக்கித் துணிகளில் எத்தனை துவைத்தாலும் மெஷினில் ஊற்றும் கட்டிங் ஆயில் வாடை போகாது. அந்த வாடையை இப்போது எங்கே நுகர்ந்தாலும் என் குரல் தானாகத் தணிந்துவிடும்.

யாரையும் பேர் சொல்லி அழைக்கும் வழக்கம் அங்கே இல்லை. மனிதர்களுக்கு மெஷினின் பேர்தான். வெல்டிங் மாமா, கிரைண்டிங் மாமா, லேத் மாமா. என் அப்பா உலைப் பிரிவில் இருந்ததால் நாங்கள் ஃபர்னஸ் வீடு. அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்து வீட்டு லேத் மாமா தருமபுரிக்காரர். அவர் மனைவி லேத் அத்தைக்கு ஆனேக்கல், வீட்டுக்குள் கன்னடம்தான். வாடகை வாங்க வீட்டுக்காரர் வந்தால் எல்லோரும் தெலுங்குக்கு மாறுவார்கள்.

இத்தனை மொழி இருந்தும் பகலில் அங்கே யாரும் பேசுவதில்லை. பெண்கள் கையால் பேசினார்கள். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனால் சாப்பிட வா. இரண்டு விரலை நடக்கவிட்டால் கடைக்குப் போ. ஆள்காட்டி விரலால் கழுத்தில் கோடு இழுத்தால், அப்பா எழுந்ததும் உனக்கு இருக்கிறது. அம்மா ஸ்டவ்வில் பால் குக்கரை வைத்துவிட்டு அதன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். விசில் மூச்செடுக்கும்போதே இறக்கிவிடுவாள். தாழ்ப்பாள்களுக்குக் கிழிந்த பனியன் துணி சுற்றியிருக்கும். நாங்கள் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவோம், சத்தமே இல்லாமல். பிடிபட்டவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான்.

அந்தப் பிள்ளைகளில் எல்லாத் தாய்மாரும் எடுத்துக்காட்டும் பிள்ளை ஒன்று உண்டு. லேத் வீட்டுப் பாப்பா. அப்போது ஐந்து வயது. எண்ணெய் வைத்துத் தூக்கிக் கட்டிய தலைமுடி, எப்போதும் கவுன் பையில் கூழாங்கல். "அந்தப் புள்ளயப் பாருல. இருக்கிற இடம் தெரியுதா? நீயும் இருக்கியே" என்று அம்மா என்னிடம் கிசுகிசுப்பாள். பாப்பா இன்னும் பேசவில்லை என்பது யாருக்கும் கவலையாக இல்லை. அப்பன் தமிழ், அம்மா கன்னடம், வாசலில் தெலுங்கு. குழந்தை எதைப் பேசுவது என்று குழம்பியிருக்கிறது, நின்று நிதானமாகப் பேசும் என்றார்கள். கையசைத்தால் வந்தாள், கை காட்டினால் போனாள். சத்தம் போடாத பிள்ளையை வளர்ப்பதே எங்கள் லைனில் பெரிய சாமர்த்தியம். அதில் லேத் அத்தைதான் முதலிடம்.

அந்தக் கோடையில் ஸ்டிரைக் வந்தது.

கம்பெனி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஷிப்டு இல்லை. பகலில் தூங்க ஆள் இல்லை. முதல் நாள் மத்தியானம் அம்மா வாசலில் வந்து நின்று வழக்கம்போல விரல்களைக் குவித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ஏல! சோறு திங்க வால!" என்று ஒரு கத்துக் கத்தினாள். கத்திவிட்டு அவளே திடுக்கிட்டுப்போய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். ஏழு வீட்டிலிருந்தும் சிரிப்பு வந்தது. "ஃபர்னஸ் அக்காவுக்குத் தொண்டை இருக்குதுடி!" என்றாள் வெல்டிங் அத்தை.

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. வருடக்கணக்கில் அடக்கி வைத்த சத்தம் எங்களிடம் இருந்தது. தொட்டிக்கு இருபுறமும் இரண்டு ஆங்கிள் இரும்புக் கம்பங்கள் நட்டு, நடுவில் துணி காயப்போடக் கம்பி இழுத்திருந்தார்கள். அந்தக் கொடியில் நான் முதலில் தொங்கவிட்டது விரிசல் விழுந்த எங்கள் தோசைக்கல். அதன் பக்கத்தில் நூலில் ஒரு பெரிய நட்டைக் கட்டி, நட்டிலிருந்து ஒரு கயிற்றை எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்தேன். கயிற்றைச் சுண்டினால் நட்டுப் போய்க் கல்லில் மோதும். டங்.

மறுநாளே மற்ற வீடுகளும் சாமான் கொடுத்தன. லேத் வீட்டின் இட்லித்தட்டு. கிரைண்டிங் வீட்டின் எண்ணெய் வடிக்கும் சாரணி. வெல்டிங் அத்தை கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளம், கொடுத்தவரின் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியது. காம்பு போன குழம்புக் கரண்டி இரண்டு, முறுக்கு அச்சு, மண்ணெண்ணெய்ப் புனல், அடி நசுங்கிய பால் குக்கர். ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்டு, ஒரு கயிறு, அந்தந்த வீட்டு வாசலில் ஒரு ஆணி. லேத் அத்தை சர்க்கரை கேட்க எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டாள். இருந்த இடத்திலிருந்தே இட்லித்தட்டை இரண்டு தரம் அடிப்பாள், அம்மா கிண்ணத்தோடு போவாள். பந்தலிலிருந்து திரும்பும் தொழிலாளர்கள் வேண்டுமென்றே எங்கள் வாசல் வழியாக வந்து எல்லாக் கயிற்றையும் இழுத்துவிட்டுப் போவார்கள். "யாருடா செஞ்சது?" என்று கேட்பார்கள். நான்தான் என்பேன்.

அதில் பாதி பொய். தொங்கவிட்டது நான். ஒலிக்கவைத்தது பாப்பா.

நான் சாமான்களைச் சணலில் கட்டியிருந்தேன். பாப்பா தொட்டி விளிம்பில் ஏறி நின்று ஒவ்வொன்றாகச் சணலை அவிழ்த்தாள். கட்டுமான வேலையில் மிஞ்சிக் கிடந்த கட்டுக்கம்பியை எடுத்துவந்து என் கையில் கொடுத்துக் காட்டினாள். இதில் கட்டு. நான் மறுத்துச் சணலில் கட்டினால் மறுபடி அவிழ்ப்பாள். குழந்தைக்குப் பளபளப்பு பிடித்திருக்கிறது என்று நினைத்து விட்டுக்கொடுத்தேன். கட்டுக்கம்பி போட்டதும் எல்லாம் மாறிவிட்டது. தாம்பாளத்தில் தட்டினால் கம்பி வழியே ஓடிப்போய் இட்லித்தட்டு முனகியது. தோசைக்கல்லின் அதிர்வில் கரண்டிகள் தாமாக நடுங்கின. ஒன்றைத் தொட்டால் ஏழு வீட்டுச் சாமானும் சேர்ந்து ஒரு மூச்சு விட்டன. நல்ல ஒலி அது. பிற்காலத்தில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். தயங்காமல் சொல்வேன், அதற்கு இணையாக ஒன்றையும் நான் கேட்கவில்லை.

பாப்பா கன்னத்தை ஆங்கிள் கம்பத்தில் ஒட்டவைத்துக்கொண்டு நிற்பாள். பிடிக்காவிட்டால் முகம் சுளித்து, ஒரு கரண்டியை ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொல்லிக் காட்டுவாள். பிடித்தால் கண்ணை மூடிச் சிரிப்பாள். மூடிய கண்ணோடே எந்தச் சாமான் அடித்தது என்று விரலால் காட்டுவது எங்கள் விளையாட்டு.

எனக்கு அந்த வாரமே தெரிந்துவிட்டது. கம்பத்தை விட்டு அவள் கையெடுத்தால் எதற்கும் திரும்புவதில்லை. ஒரு நாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு மூடிகளை ஓங்கி அடித்துப் பார்த்தேன். தொட்டி மேல் இருந்த காக்கை பறந்தது. அவள் கூழாங்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வயதுப் பையனுக்கு இது புரியாது என்று நீங்கள் எனக்காகச் சமாதானம் சொல்ல வேண்டாம். நன்றாகப் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. என் கொடியின் ரகசியம் அது, எனக்கு மட்டும் தெரிந்தது என்று பெருமையாக இருந்தது.

ஸ்டிரைக் நீண்டது. தாம்பாளம் ஒரு காலையில் கொடியில் இல்லை. பிறகு சாரணி போயிற்று. கேட்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். அவை இருந்த இடத்தில் எண்ணெய் டின்னும் ஹரிக்கேன் விளக்கின் மூடியும் வந்தன. பாப்பா கம்பத்தில் கன்னம் வைத்துப் பார்த்து அவற்றுக்குப் புது இடம் சொன்னாள்.

ஜூன் பிறந்து பள்ளிச் சேர்க்கை வந்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர் சேர்க்கை எடுக்க எங்கள் லைனுக்கு வந்தார். கண்ணாடி போட்ட, அதட்டாத அம்மாள். பாப்பாவைக் கூப்பிட்டார். இரண்டாம் முறை கூப்பிட்டார். பிறகு லேத் அத்தையைத் தனியே அழைக்காமல் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அதுதான் அவர் செய்த ஒரே பிழை.

"இந்தப் பிள்ளைக்குக் காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா. சேலத்துல இதுக்குன்னு ஸ்கூல் இருக்கு. ஹாஸ்டலும் உண்டு. சின்னதுலயே விட்டா நல்லாப் படிக்கும்."

லேத் அத்தையின் முகம் சிவந்துபோயிற்று. "ஏன்ரி டீச்சர், என்ன மாத்து பேசறீங்க? என் கூசுக்குக் காது இல்லையா?" மாத்து என்றால் அவள் மொழியில் பேச்சு, கூசு என்றால் குழந்தை. "இந்தக் கொடி பூரா அவள் கட்டினது! காது இல்லாதவள் இப்படிக் கட்டுவாளா? கேளுங்க, இந்தப் பையனைக் கேளுங்க!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர், "அப்படியா தம்பி?" என்றார்.

"ஆமா டீச்சர். எந்தச் சாமான அடிச்சாலும் பாக்காமலே சொல்லிருவா."

"எங்க, சொல்லட்டும்."

நான் பாப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து அழைத்துப்போனேன். கொடிக்கும் வீடுகளுக்கும் முதுகு காட்டி நிற்கவைத்தேன். அவள் உள்ளங்கையை விரித்து ஆங்கிள் கம்பத்தில் அழுத்தி வைத்தேன். "பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் டீச்சர் திரும்பிப் பாக்க மாட்டா" என்று காரணமும் சொன்னேன். இன்றுவரை நான் சொன்ன பொய்களில் அவ்வளவு நேர்த்தியானது வேறில்லை.

கிரைண்டிங் வீட்டுக் கயிற்றை இழுத்தார்கள். பாப்பா திரும்பாமலே எண்ணெய் டின்னைக் காட்டினாள். எங்கள் கயிறு. தோசைக்கல்லைக் காட்டினாள். லேத் அத்தை தன் கயிற்றைச் சுண்டினாள். இட்லித்தட்டு. இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மட்டும் ஒரு முறை தடுமாறினாள். "அது எனக்கே குழம்பும்!" என்று வெல்டிங் மாமா கத்த, வாசலே கைதட்டியது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நான்தான் தப்பா நெனச்சுட்டேன்" என்று ஒன்றாம் வகுப்பில் பேர் எழுதிக்கொண்டு போனார். லேத் அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். அவள் சேலத்துக்குப் போனால் கொடி ஊமையாகிவிடும், அது ஒன்று. அத்தை மீது இரக்கம், அதுவும் கொஞ்சம். ஆனால் முக்கியமான காரணம் இதுதான்: ஒரு டீச்சரை ஜெயிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சில நாளில் ஸ்டிரைக் முடிந்தது. ஷிப்டுகள் திரும்பின. வேண்டிய சாமானை வீடுகள் எடுத்துக்கொண்டன. மிச்சத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு, காற்றில் மோதிச் சத்தம் வராதபடி அம்மா ஒவ்வொன்றுக்கும் பழந்துணி சுற்றிக் கட்டினாள். தோசைக்கல், பால் குக்கர், டின், மூடி எல்லாம் கட்டுப்போட்ட நோயாளிகள் போலக் கொடியில் தொங்கின. கையால் பேசுவதற்குத் திரும்பினோம்.

பாப்பாவுக்குத்தான் திரும்ப முடியவில்லை. அதற்கு முன் அவளை யாரும் ஒரு அடி அடித்ததில்லை. இப்போது அவளுக்குக் காது கேட்கும் என்று ஏழு வீடும் சாட்சி. கேட்டும் பேசவில்லை என்றால் அது திமிர்தானே? பள்ளியில் பெஞ்சு மேல் ஏற்றினார்கள். வீட்டில் லேத் அத்தை காதைப் பிடித்துத் திருகினாள். "அம்மான்னு சொல்லு. கேக்குதில்ல உனக்கு? சொல்லு." உள்ளே லேத் மாமா நைட் ஷிப்டு முடித்துத் தூங்குவதால் இதையும் அத்தை கிசுகிசுப்பாகத்தான் சொல்வாள். பாப்பா அழத் தொடங்கினால் வாயில் துணியை வைத்து அழுத்துவாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்த அமுங்கிய அழுகையைச் சுவருக்கு இந்தப் புறம் கணக்குப் போட்டுக்கொண்டே நான் கேட்டேன். மழைக்காலம் முழுவதும் கேட்டேன்.

தை பிறந்த பின் ஒரு மத்தியானம் அழுகை வழக்கத்தைவிட நீண்டது. நான் எழுந்து அப்பாவின் பாய் அருகே போய் நின்றேன். சொல்லிவிடுவது என்றுதான். உலைச் சூட்டில் கன்றிய முகத்தோடு அவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து உதட்டில் விரல் வைத்தாள். நான் பக்கத்து வீட்டைக் காட்டினேன். அவள் அப்புறம் என்று கையசைத்தாள். நான் சொல்ல வேண்டியதற்கு எங்கள் லைனில் கை ஜாடை இல்லை.

வெளியே போனேன். பாப்பா அழுது முடித்துத் தொட்டிக்கு மறுபக்கம் தரையில் உட்கார்ந்து கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு காது சிவந்திருந்தது. கம்பம் அவளுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. நான் தொட்டி விளிம்பில் ஏறி, சாமான்களின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அம்மா கதவருகே வந்து கழுத்தில் விரலால் கோடு இழுத்தாள். தொட்டியடியில் கிடந்த இரும்புக் குழாய்த் துண்டை எடுத்து, கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பலங்கொண்ட மட்டும் அடித்தேன். நிறுத்தாமல் அடித்தேன்.

நைட் ஷிப்டுக்காரர்கள் எல்லோரும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். "ஏல கோட்டிக்காரப் பயலே! மனுசன் உறங்க வேண்டாமா!" அப்பாவின் முதல் அறையில் குழாய் கையை விட்டுப் போயிற்று. இரண்டாவது அறைக்கு ஓங்கிய கையை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"அடிக்காதிய. அங்கன பாருங்க."

ஏழு வீடும் விழித்து நின்ற வாசலில் பாப்பா ஒருத்தி மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஐந்தாவது கல்லை நான்காவது கல்லின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

லேத் மாமா கீழே கிடந்த குழாயை எடுத்துத் தோசைக்கல்லை அடித்தார். அவளைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஓங்கி அடித்தார். விரிசலோடு கல் இரண்டாகப் பிளந்து விழுந்தது. அவர் நிழல் கூழாங்கல் மேல் விழுந்த பிறகுதான் பாப்பா திரும்பினாள். கொடி ஆடுவதைக் கண்டதும் முகம் மலர்ந்து ஓடிப்போய்க் கம்பத்தில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டாள். லேத் அத்தை மெல்ல நடந்துவந்து அவளுக்குப் பக்கத்தில் நின்று, தன் கன்னத்தையும் அந்த இரும்பில் வைத்துப் பார்த்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"உனக்கு எப்டிடா கண்ணு தெரிஞ்சிது?" என்று லேத் மாமா என் தோளைப் பிடித்துக் கேட்டார்.

"இப்பத்தான் மாமா. இன்னிக்குத்தான்."

அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "நீதான்டா கண்டுபுடிச்ச. ஊரே சேந்து கொன்னுருப்போம், நீதான்டா கண்டுபுடிச்ச."

அடுத்த ஜூனில் பாப்பா சேலத்துக்குப் போனாள். படித்தாள், தையல் ஆசிரியை ஆனாள், தன்னைப் போன்ற ஒருவரையே மணந்துகொண்டாள், நன்றாக இருக்கிறாள். டாக்டர் லேத் மாமாவிடம், ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பேச்சுப் பயிற்சிக்கு இன்னும் தோதாக இருந்திருக்கும் என்று சொன்னாராம். அந்த ஒரு வருடம் எங்கே போயிற்று என்று லைனில் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தங்களைத் திட்டிக்கொண்டார்கள். என்னை மட்டும் மெச்சிக்கொண்டார்கள். எந்த விசேஷத்தில் சந்தித்தாலும் லேத் அத்தை என்னைப் பத்துப் பேருக்கு அறிமுகம் செய்வாள். "இவன்தான் கண்டுபிடிச்சான்." வாழ்நாள் முழுவதும் அதை வாங்கிக்கொண்டேன். திருத்தவில்லை.

சென்ற ஆவணியில் பாப்பாவின் மகளுக்குக் கல்யாணம். ஓசூர் புறவழிச்சாலை மண்டபம். நடக்க முடியாத லேத் அத்தை சக்கர நாற்காலியில் இருந்தபடியே, "நோடி, இவரைப் பாருங்க, இவர்தான்" என்று சம்பந்தி வீட்டாரிடம் ஆரம்பித்தாள். நாகஸ்வரக்காரர்கள் கெட்டிமேளத்துக்குத் தயாரானார்கள். நரைத்த தலையில் மல்லிகை வைத்திருந்த பாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து மேடை ஓரத்துக்கு அழைத்துப்போனாள். பந்தலைத் தாங்கிய இரும்புக் கம்பத்துக்கு எதிரே என்னை நிறுத்தினாள். என் முதுகு சபைக்குத் தெரியும்படி தோளைத் திருப்பிவிட்டாள். என் உள்ளங்கையை விரித்துக் கம்பத்தில் வைத்து, தன் கையால் மேலே அழுத்தினாள். அன்று நான் செய்தது போலவே, ஒன்று விடாமல்.

தவில் முழங்கியது. இரும்பு என் கைக்குள் அதிர்ந்தது. ஐந்து வயதில் நடந்ததை அவள் மறக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது அவளுக்கு அன்றே தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மேளம் ஓயும்வரை நான் கையை எடுக்கவில்லை. ஓய்ந்ததும் லேத் அத்தையின் நாற்காலியருகே போய்க் குனிந்து, "அத்தை, நான் கண்டுபிடிக்கல. எனக்கு மொதல்லயே தெரியும்" என்றேன். அவளுக்கு இப்போது காது மந்தம். "என்ன சொல்றே?" என்று காதருகே கை வைத்துக் கேட்டாள். சுற்றிலும் சம்பந்தி வீட்டார் நின்றிருந்தார்கள். ஷிப்டு வீட்டில் வளர்ந்த என் தொண்டையைத் திறந்து, மண்டபத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி, மறுபடி சொன்னேன்.